எந்தக் கைக்கு ஓய்வு?

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்து சேரும் தை, மாசி மாதங்களில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பாத்திரக் கடைகளில் கூட்டம் நெருக்கும். கல்யாணச் சீரும் புதுமனைப் புகுவிழாப் பரிசும் அங்கேதான் வாங்கப்படுகின்றன. பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் அடுக்கியிருந்த முன்வரிசையை இன்று எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் ஏர் ஃப்ரையர், மின்சாரச் சப்பாத்தி மேக்கர், முட்டை அவிக்கும் சிறு சாதனம், கயிற்றை இழுத்தால் காய் நறுக்கும் கட்டர் எல்லாம் பிடித்துக்கொண்டுவிட்டன. எதை வாங்கலாம் என்று கேட்டால் கடைக்காரர் வாட்ஸ் சொல்வார், வாரண்டி சொல்வார், தள்ளுபடி சொல்வார். இவை எல்லாம் இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை. இந்த வீட்டில் யாருடைய கை, எந்த வேலையில், வாரத்துக்கு எத்தனை முறை நோகிறது, இந்தக் கருவி அந்த நோவை எடுத்துவிடுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. அதைக் கேட்டு உண்டான கருவிகளே நம் அடுக்களைகளில் நிலைத்திருக்கின்றன. கேட்காமல் வந்தவை பரணுக்குப் போய்விடுகின்றன.

காவிரிப் படுகையின் சமையல் அரிசிச் சமையல். அதில் நறுக்குவதும் தாளிப்பதும் சிறு வேலை. நெல்லைக் குத்துவது, மாவு ஆட்டுவது, மசாலா அரைப்பது, புகையும் அடுப்பை ஊதி எரிப்பது ஆகியவைதான் உடம்பை முறித்த வேலைகள். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டுவதென்றால் ஆட்டுக்கல் முன் குந்தி, ஒரு கை குழவியைச் சுற்ற மறு கை மாவைத் தள்ளிவிட, ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகப் புழுங்கல் அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்தாலும் ஆட்டும்போது அது எளிதில் மசிவதில்லை. உளுந்தோ காற்றை உள்வாங்கிப் பொங்கி வர வேண்டும். அதற்குக் கல் மெதுவாகச் சுற்ற வேண்டும், மாவு சூடாகக் கூடாது. இவ்வளவு நுணுக்கமும் உழைப்பும் சேர்ந்த வேலையை எந்த வெளிநாட்டு இயந்திரமும் செய்து தரவில்லை. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய வெட் கிரைண்டர்தான் செய்தது. அதன் சிறப்பு எளிமையானது: கல்லோடு கல் உரசும் பழைய செயலை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றும் கையை மட்டும் எடுத்துவிட்டு மோட்டாரை வைத்தது. சுவையும் பதமும் கெடாமல் தோள்வலி மட்டும் போயிற்று. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லில் செய்யப்படும் அந்தக் கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது.

அதே 1955-ல் இன்னொரு அரிசி நாட்டிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானாக நிற்கும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த யோஷிதாதா மினாமிக்கு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று நாள்தோறும் சமைத்துச் சோதித்துச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. விடியற்காலையில் எழுந்து அடுப்பருகே காத்துக் கிடந்த ஜப்பானியப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த அரிசி தண்ணீரை முழுக்க உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய அரிசி. தஞ்சாவூர் வீட்டில் புழுங்கல் அரிசியை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கஞ்சி வடித்து, பருக்கை பருக்கையாகச் சோறு எடுப்பார்கள். வடிகஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போகும், உப்புப் போட்டுக் குடிக்கவும் ஆகும். மிஞ்சிய சோறு தண்ணீர் ஊற்றிப் பழையதாகும். இந்த வரிசையில் ரைஸ் குக்கருக்கு இடமே இல்லை. அதனால்தான் அவ்வளவு நல்ல கருவி இங்கே விடுதி அறைகளிலும் வெளியூரில் தனியாக இருக்கும் பிள்ளைகளிடமும் தங்கிவிட்டது. அங்கே அது அருமையான துணை. ஓர் ஊரில் பயன்படுவது எல்லா ஊரிலும் பயன்படும் என்று எண்ணுவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

மிக்சியின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1960-களின் தொடக்கத்தில் இந்திய நகரங்களில் வசதியான சில வீடுகளில் ஜெர்மன் மிக்சர்கள் இருந்தன. மெல்லிய பழத்தையும் பாலையும் கலப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. ஊறவைத்த பருப்பையும் மஞ்சளையும் காய்ந்த மிளகாயையும் போட்டால் மோட்டார் தாங்காது. மும்பையில் சீமன்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் மனைவி மாதுரியின் மிக்சர் அப்படிப் பழுதானபோது, அதைச் சரிசெய்து தர இங்கே வழி இருக்கவில்லை. இந்தியச் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரை நீயே செய் என்ற அந்தச் சமையலறைக் கோரிக்கையிலிருந்து 1963-ல் சுமீத் மிக்சி பிறந்தது. தேங்காய்ச் சட்னி, வத்தக்குழம்புக்கு வறுத்து அரைத்த பொடி, அடைக்கு அரைக்கும் கலவை என்று ஒரு தலைமுறையை அம்மியிலிருந்து அது எழுப்பிவிட்டது. கிரைண்டர், ரைஸ் குக்கர், மிக்சி மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவான ஒன்று தெரியும். அடுப்பருகே நின்றவரின் சிரமத்தைக் கவனித்தவர்களே இவற்றைச் செய்தார்கள். இன்று இணையக் கடைகளில் குவியும் சாதனங்களில் பல, முதலில் செய்யப்பட்டு, பிறகு விளம்பரத்தின் மூலம் அதற்கான தேவையைத் தேடி வருபவை.

உண்மையான தேவையைத் தொட்டதால்தான் இலவச மிக்சி, கிரைண்டர் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2011 தேர்தலில் இரு பெரிய கட்சிகளுமே இவற்றை வாக்குறுதியாக வைத்தன. அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்து அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 1.8 கோடி குடும்ப அட்டைகளை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டது. இத்தகைய வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டம் சொல்லும் ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பானது. பொருளாதார வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, நாற்றங்காலிலும் நடவு வயலிலும் இடுப்பு ஒடியக் குனிந்துவிட்டு, சாயங்காலம் வந்து மறுபடி ஆட்டுக்கல் முன் உட்கார வேண்டியிருந்த ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அந்தக் கிரைண்டர் என்ன செய்தது என்பதை, வயலில் குனியாதவர்கள் எடைபோடுவது நியாயமில்லை. டேபிள்டாப் கிரைண்டர் ஒன்று சுமார் 150 வாட்ஸ். நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத் தோள் உழைப்புக்கு மாற்றாக இதைவிட மலிவான ஒன்றைச் சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது: பொருளைக் கொடுத்ததோடு அரசின் வேலை முடிந்ததாகக் கருதப்பட்டது. மிக்சியில் தேயும் கப்ளரும் கிரைண்டரில் அறும் பெல்ட்டும் கிராமத்துக்கு அருகிலேயே கிடைக்கவும், அங்கேயே ஒருவர் பழுது பார்க்கவும் வழிசெய்வதும் அந்தத் திட்டத்தின் பாதியாக இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தஞ்சாவூரிலேயே பிறந்த ஒருவரின் மறுப்பைக் கேட்டாக வேண்டும். 1892-ல் இங்கே பிறந்து, லண்டனில் கணக்கியலும் நியூயார்க்கில் பொருளாதாரமும் படித்து, காந்தியோடு சேர்ந்து 1934 முதல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் ஜே.சி. குமரப்பா. அரிசி ஆலைகளை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆலை தவிட்டைத் தீட்டி எடுத்துவிடுகிறது, சத்து போகிறது, கிராமத்தில் நெல் குத்திப் பிழைத்தவர்களின் கூலியும் போகிறது என்பது அவர் வாதம். சத்து பற்றிய பகுதியில் அவர் சொன்னது முற்றிலும் சரி. தீட்டிய அரிசியையே தின்றால் பெரிபெரி வரும் என்பதை 1890-களில் ஜாவாவில் கோழிகளைக் கவனித்து டச்சு மருத்துவர் அய்க்மன் கண்டறிந்தார், அந்தப் பணிக்காக 1929-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் நெல் குத்தியவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். டெல்டாவின் பெரிய வீடுகளில் உலக்கை பிடித்தவர்கள் பெரும்பாலும் பண்ணையாட்களின் வீட்டுப் பெண்கள். அவர்கள் கூலி இழந்தார்கள் என்பது உண்மையானால், அவர்கள் தோள் தப்பியது என்பதும் உண்மை. உலக்கையை மறுபடி அவர்கள் கையில் கொடுப்பது தீர்வாகாது. தீட்டும் அளவைக் குறைக்கலாம், புழுங்கல் அரிசியை விடாமல் இருக்கலாம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டுப் பக்கத்திலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் ஆலையில் தீட்டினாலும் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அது கூடுதலாகத் தங்கும். 1967-ல் தொடங்கிய நெல் பதன ஆராய்ச்சி மையம் வளர்ந்து தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்பது இந்த ஊருக்குப் பொருத்தமே. குமரப்பா கருவிகளுக்கு எதிரி என்று எண்ணிவிடவும் கூடாது. புகையைக் குறைக்கும் ‘மகன்’ அடுப்பு அவருடைய சங்கத்தின் தலைமையிடமான மகன்வாடியில் உருவானது. கருவியால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்க்கச் சொன்னவர் அவர். அந்தக் கணக்கை ஆலையோடு நிறுத்தாமல் அடுக்களை மேடை வரை கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

அப்படிக் கணக்குப் பார்த்தால் சங்கடமான ஒன்று தட்டுப்படும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய ஒரு நூல், வீட்டு இயந்திரங்கள் வந்த பிறகும் அமெரிக்க இல்லத்தரசிகளின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று காட்டியது. வேலை எளிதாக எளிதாக, அதைச் செய்யும் தடவைகள் கூடின, எதிர்பார்ப்பும் கூடியது, மற்றவர்கள் செய்துவந்த பங்கும் ஒருத்தியின் தலையில் விழுந்தது. நமக்கும் இது பொருந்தும். தீபாவளிக்கும் விருந்தாளி வரும்போதும் மட்டுமே இட்லி அவித்த எத்தனையோ கிராம வீடுகளில் கிரைண்டர் வந்தபின் அது அன்றாடப் பலகாரமானது. காலையில் பழையது சாப்பிட்ட வீட்டில் இட்லி, தோசை, இரண்டு சட்னி என்றானது. இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 289 நிமிடம். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிட்டது 88 நிமிடம். மேடையில் இன்னொரு சாதனத்தை வைப்பதால் இந்த இடைவெளி மூடாது. காய் நறுக்க இன்னொரு ஜோடிக் கை வந்தால் மூடும். ஆயிரக்கணக்கில் போட்டுக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்ததாக நினைக்கும் கணவன்மார்களும் மகன்களும் இதைக் கருத வேண்டும்.

இதிலிருந்தே இன்னொரு அளவுகோலும் கிடைக்கிறது: கழுவும் வேலை. கயிறு இழுக்கும் கட்டர் கால் கிலோ வெங்காயத்தை அரை நிமிடத்தில் நறுக்கும். பிறகு கிண்ணம், மூடி, மூன்று பிளேடு, அவற்றின் இடுக்கு என்று கழுவ வேண்டியவை அதிகம். அரிவாள்மனையில் நறுக்குபவர் அந்த நேரத்தில் சாம்பாருக்குப் புளியையும் கரைத்திருப்பார். ஆறு பேருக்கு மேல் தினமும் சமைக்கும் வீட்டில் கட்டர் வெல்லும். மூன்று பேர் வீட்டில் தோற்கும். மின்சாரச் சப்பாத்தி மேக்கர் மாவைப் பிசைந்து தராது, அழுத்திச் சுட்டு மட்டுமே தரும். சோறுதான் முதல் உணவு என்ற வீட்டில், வாரத்துக்கு ஒரு நாள் சப்பாத்திக்காக அது எதற்கு? ஏர் ஃப்ரையர் கெட்ட கருவி அல்ல. எண்ணெய்ப் பலகாரம் அடிக்கடி வேண்டும், ஆனால் மருத்துவர் கட்டுப்படுத்தியிருக்கிறார் என்ற இருவர் வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் சுமார் 1,400 வாட்ஸ் இழுத்துக்கொண்டு ஒரு தடவைக்கு ஒரு அடுக்கு மட்டும் வேகும் கூடையில், ஏழெட்டுப் பேருக்கு வாழைக்காய் வறுவல் போட்டு முடிப்பதற்குள் முதல் தட்டு ஆறிவிடும். ஊறவைத்து ஆட்டிய உளுந்து வடை மாவை அதில் ஊற்றவே முடியாது. எண்ணெயைக் குறைக்க நினைப்பவருக்கு வடையை மாதத்துக்கு இரண்டு முறையாகக் குறைப்பது எளிது, செலவும் இல்லை.

இங்கே எழும் மறுப்புகளில் ஒன்றை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். மூட்டுவாதத்தில் விரல் மடங்காத பாட்டிக்கும், ஒரு கை மட்டும் இயங்கும் ஒருவருக்கும், கண்பார்வை மங்கியவருக்கும் மேலே நான் குறைத்துப் பேசிய கட்டர் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் சுதந்திரத்தையே தரும். அவர்கள் வீட்டில் அது முதல் தேவை. யாருடைய கை என்று கேட்கச் சொன்னதே இதற்காகத்தான். அவரவர் பணம், அவரவர் ஆசை, இதில் நியாயம் பேச என்ன இருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. ஆசைப்பட்டு வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் டெல்டாவில் இந்தப் பொருள்களில் பெரும்பகுதி பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கிக் கொடுக்கும் சீராகவும் மொய்க்கு மாற்றான பரிசாகவும் நகர்கிறது. பயன்படுத்தப் போகிறவரின் ஆசையை அதில் யாரும் கேட்பதில்லை. அம்மியில் அரைத்த சுவை வராது, ஆட்டுக்கல் சுற்றுவது நல்ல உடற்பயிற்சி என்று சொல்பவர்களும் உண்டு. சுவை பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பயிற்சி தேவைப்படுபவர் தானே சுற்றட்டும், வீட்டுப் பெண்ணுக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

மின்சாரத்தை முழுதாக நம்பலாமா என்ற கேள்விக்கு 2018 நவம்பர் 16 அதிகாலை பதில் சொன்னது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்து ஊர்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் அடுக்களையில் பயன்பட்டவை கையால் இயங்கும் பொருள்களே. அதனால் ஒரு சிறிய அம்மியும் இடிகல்லும் அரிவாள்மனையும் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்பேன். கும்பகோணம் காபி இறக்கும் பித்தளை ஃபில்டரைப் பாருங்கள். மேல் பாத்திரம், கீழ்ப் பாத்திரம், சிறு துளைகள், அழுத்தும் குடை, அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், தேயும் பாகம் இல்லை, கழுவ ஒரு நிமிடம், இரண்டு தலைமுறை வரும். தினமும் இரண்டு முறை வேலை செய்கிறது. ஒரு கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊர் தந்திருக்கும் மிகச் சிறந்த விடை அதுதான். பிரஷர் குக்கர் அதற்கு அடுத்தபடி. உள்ளே நீராவி அழுத்தத்தால் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் எரிபொருள் அதிகம் தின்னாமல் வேகின்றன. கேஸ்கட்டும் வெயிட்டும் சேஃப்டி வால்வும் எந்த ஊர் கடைத்தெருவிலும் கிடைக்கின்றன. 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கர் விற்கவே கூடாது என்பது சட்டம். முத்திரையைப் பார்க்காமல் வாங்கினால் கைக்காயம் முதல் உயிர் வரை பணயம்.

இந்தத் தை, மாசியில் புதுக் குடித்தனத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிரஷர் குக்கர், ஒரு மிக்சி, ஒரு டேபிள்டாப் கிரைண்டர், ஒரு காபி ஃபில்டர், ஒரு அரிவாள்மனை, ஒரு சிறிய அம்மி, ஒரு இடிகல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்குமுன் அந்தப் பிராண்டின் உதிரிப் பாகம் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று அந்தக் கடையிலேயே கேளுங்கள். மிச்சப் பணத்தை மணமக்கள் பெயரில் வங்கியில் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் அவர்கள் இருவரும் சமைத்துப் பார்க்கட்டும். எந்த வேலை நோகிறது என்று அவர்களே சொல்வார்கள். அப்போது அதற்கான கருவியை அந்தப் பணத்தில் வாங்கட்டும்.